29 முந்தியா, 2 முந்தியா? கல்வெட்டு வரிசையும் ப்ராசஸர் ட்ரேஸ் வரிசையும்

இரண்டு கல்வெட்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் முதலாம் இராசராசனுடைய 29ஆம் ஆட்சியாண்டு. இன்னொன்றில் முதலாம் இராசேந்திரனுடைய 2ஆம் ஆட்சியாண்டு. இரண்டில் எது முந்தியது?

அப்பா முந்தி, மகன் பிந்தி என்று உடனே சொல்லத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி வராது. இராசராசன் பட்டத்துக்கு வந்தது 985 ஜூன் 25க்கும் ஜூலை 25க்கும் இடையில். ஆகவே அவனுடைய 29ஆம் ஆண்டு 1013 நடுவில் தொடங்கி 1014 நடுவில் முடிகிறது. இராசேந்திரனுக்கு ஆண்டு எண்ண ஆரம்பித்தது 1012 மார்ச் 27க்கும் ஜூலை 7க்கும் இடையில், அப்பா இருக்கும்போதே. அவனுடைய 2ஆம் ஆண்டு 1013இல் அதே பருவத்தில் தொடங்கி 1014இல் முடிகிறது. அதாவது இரண்டும் ஏறக்குறைய ஒரே பன்னிரண்டு மாதம். மாதமும் நாளும் இல்லாமல், ஆண்டு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் வரிசைப்படுத்தவே முடியாது.

நான் சம்பளம் வாங்குகிற வேலையில் இதே கேள்விதான் வேறு உடையில் வருகிறது. ஒரு மென்பொருள் ஏன் மெதுவாக ஓடுகிறது என்று கண்டுபிடிக்கும் கருவிகளுக்கு ப்ரொஃபைலர் என்று பெயர். லினக்ஸில் அதற்கு 'பெர்ஃப்' என்று ஒரு கருவி, 2009இலிருந்து கெர்னலோடு சேர்ந்தே வருகிறது. எட்டு கோர் உள்ள ப்ராசஸரில் எட்டு இடத்தில் ஒரே நேரத்தில் வேலை நடக்கும். எது முதலில் நடந்தது, எது அடுத்தது என்று சரியாக அடுக்கினால்தான் எது எதற்காகக் காத்திருந்தது என்று சொல்ல முடியும். வரிசை தப்பினால் பழி தப்பான ஆள் மேல் விழும்.

வரலாற்றிலும் அதேதான். அங்கே விழும் பழி ஆயிரம் வருஷம் நிற்கும். அந்த இடத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

ஆளுக்கு ஒரு ஏடு

எட்டு கோரும் ஒரே ஏட்டில் எழுதினால் இந்தத் தொல்லையே இல்லையே என்று கேட்கலாம். எழுதலாம். ஆனால் ஒருவர் எழுதும்போது மற்ற ஏழு பேரும் வரிசையில் நிற்க வேண்டும். அளக்கப் போன வேகத்தை அளவுகோலே கெடுத்துவிடும். அதனால் பெர்ஃப் ஒவ்வொரு கோருக்கும் தனி பஃபர் கொடுத்துவிடுகிறது. அவரவர் ஏட்டில் அவரவர் எழுதிக்கொள்ள வேண்டியது. ஒவ்வொரு வரியிலும் ஒரு டைம்ஸ்டாம்ப். பிற்பாடு எல்லாவற்றையும் படித்து, நேரப்படி ஒன்றாகக் கோப்பது படிக்கிறவர் பாடு.

சோழ நாட்டுச் சபைகளும் இதைத்தான் செய்தன. ஊர்ச் செய்தியைத் தஞ்சாவூருக்கு அனுப்பிப் பொது ஏட்டில் ஏற்றிவிட்டுக் காத்திருக்கவில்லை. அவரவர் கோயில் சுவரில், நடப்பு அரசனின் ஆண்டைப் போட்டு வெட்டிக்கொண்டார்கள். திருவரங்கம் கோயில் ஒன்றிலேயே 600க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. காட்டூரிலிருந்து தஞ்சாவூர் சாலையில் கொஞ்ச தூரம் போனால் திருவெறும்பூர். அந்த மலைக்கோயில் சுவரிலும் முற்காலச் சோழர் எழுத்து உண்டு. ஒவ்வொரு சுவரும் ஒரு பஃபர். கோக்கிற வேலை நமக்கு.

கோப்பது என்றால் ஸார்ட் செய்வது, அதற்கு நிரலில் ஒரே ஒரு வரி போதும் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் நினைப்பார்கள். வரிசைப்படுத்துவது உண்மையிலேயே ஒரு வரிதான். அந்த வரிக்கு முன்னால் மூன்று கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். இது யாருடைய கடிகாரம்? அந்தக் கடிகாரத்தை மற்றக் கடிகாரத்தோடு எந்த இடத்தில் பொருத்துவது? எழுதிய நேரம்தான் நடந்த நேரமா?

யாருடைய கடிகாரம்

சோழ அரசர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற இரண்டு பட்டங்களை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். விசயாலயன் பரகேசரி. அவன் மகன் முதலாம் ஆதித்தன் இராசகேசரி. அவன் மகன் முதலாம் பராந்தகன் பரகேசரி. பிறகு கண்டராதித்தன் இராசகேசரி, அரிஞ்சயன் பரகேசரி, சுந்தர சோழன் இராசகேசரி. ஆதித்த கரிகாலனும் உத்தம சோழனும் அடுத்தடுத்துப் பரகேசரி. இராசராசன் இராசகேசரி.

முற்காலக் கல்வெட்டுகள் பலவற்றில் அரசனின் இயற்பெயர் இருக்காது. 'கோவிராசகேசரிவர்மற்கு யாண்டு இத்தனையாவது' என்று மட்டும் இருக்கும். வெட்டியவருக்கு அது போதும், ஏன்னா அன்றைக்கு ஊரில் எல்லோருக்கும் தெரிந்த இராசகேசரி ஒருவன்தான். நமக்குப் போதாது. 'இராசகேசரி, ஆண்டு 2' என்றால் ஆதித்தன், கண்டராதித்தன், சுந்தர சோழன், இராசராசன் என்று நான்கு பேர் வரிசையில் நிற்கிறார்கள். முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் நூறு வருஷத்துக்கு மேல் இடைவெளி.

எங்கள் மொழியில் சொன்னால், எந்த கோர் என்ற எண்ணுக்கு ஒரே ஒரு பிட் ஒதுக்கியிருக்கிறார்கள். எண் 0 அல்லது 1. ஓடிய கோர்களோ ஒன்பது. எழுத்தமைதி, ஊர்ப்பெயர், அதிகாரிகளின் பெயர், எந்தப் போர் பேசப்படுகிறது என்று உள்ளடக்கத்தை வைத்துத்தான் ஆளைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

எண்ணிக்கொண்டே போகும் கடிகாரம்

இப்போதைய இன்டெல், ஏ.எம்.டி. சில்லுகளில் டைம்ஸ்டாம்ப் கவுன்ட்டர் என்று ஒன்று உண்டு. சுருக்கமாக டி.எஸ்.சி. இயந்திரம் உயிர் பெற்ற கணத்தில் பூச்சியத்தில் தொடங்கி, ஒரே சீராக எண்ணிக்கொண்டே போகும். மாதம், கிழமை, விடுமுறை எதுவும் அதற்குத் தெரியாது. ஒரே எண், அது ஏறிக்கொண்டே இருக்கும். வரிசைப்படுத்த இதைவிட நல்ல கடிகாரம் கிடையாது.

நம் கல்வெட்டுகளில் இப்படி ஒன்று இருக்கிறதா? இருக்கிறது. தென்பெண்ணைக் கரையில் திருக்கோவலூர்ப் பக்கம் 'கிராமம்' என்றே பெயர் கொண்ட ஓர் ஊர். அங்கே சிவன் கோயிலைக் கல்லால் எடுப்பித்தவன் வெள்ளன் குமரன். மலைநாட்டுக்காரன், இளவரசன் இராசாதித்தனின் படைத்தலைவன். அவன் வெட்டிய கல்வெட்டில் பராந்தகனின் 36ஆம் ஆண்டு இருக்கிறது. அதோடு கலியுகம் 4044ஆம் ஆண்டு, கலி தொடங்கி 14,77,037ஆம் நாள், சனிக்கிழமை, ரேவதி நட்சத்திரம் என்பதும் இருக்கிறது. கலி நாளை எண்ணுகிற வழக்கம் கேரளத்தில் வலுவானது. மலைநாட்டான் எடுத்த கோயிலில் அது வருவதில் வியப்பில்லை.

இதை நீங்களே சரிபார்க்கலாம். கலியின் முதல் நாள் வெள்ளிக்கிழமை என்பது மரபு. 14,77,037ஐ 7ஆல் வகுத்தால் மீதி 2. முதல் நாள் வெள்ளி என்றால் இரண்டாம் நாள் சனி. கல்லில் இருப்பதும் சனி. ஆயிரம் வருஷத்துக்கு முன் ஒருவர் பதினான்கு லட்சத்துச் சொச்சம் நாளை எண்ணி, கிழமை பிசகாமல் வெட்டியிருக்கிறார். அந்த நாள் ஜூலியன் நாட்காட்டியில் 943 ஜனவரி 14. அன்றைக்குப் பராந்தகனின் 36ஆம் ஆண்டு நடப்பில் இருந்தது என்றால் அவன் ஆட்சி தொடங்கியது 907 வாக்கில் என்று தானாக விழுகிறது.

கவனியுங்கள், இந்தக் கல்வெட்டால் கிடைத்தது இந்த ஒரு கல்வெட்டின் தேதி மட்டுமில்லை. பராந்தகன் கடிகாரத்தில் ஆண்டு போட்டு வெட்டிய அத்தனை கல்வெட்டுக்கும் சேர்த்துத் தேதி கிடைத்தது. வெறும் '15ஆம் ஆண்டு', '24ஆம் ஆண்டு' என்று கிடந்தவையெல்லாம் ஒரே நாளில் கிறிஸ்து ஆண்டுக்கு வந்துவிட்டன.

பொருத்தும் புள்ளி

இன்டெல் சில்லுகளில் 2015ஐ ஒட்டி 'ப்ராசஸர் ட்ரேஸ்' என்ற வசதி வந்தது. அது நிரல் ஓடிய பாதை முழுவதையும் பதிவு செய்யும். ஒரு கோருக்கு நொடிக்கு நூற்றுக்கணக்கான மெகாபைட் குவியும். அவ்வளவையும் முழு விவரத்தோடு எழுத முடியாது. அதனால் கடுமையான சிக்கனம். நிரலில் ஒரு நிபந்தனைக் கிளை வந்தால், அந்தக் கிளையில் போனதா இல்லையா என்பதற்கு ஒரே ஒரு பிட். முகவரி கிடையாது, நேரமும் கிடையாது. இந்த பிட்டுகளை மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது. அதனால் குறிப்பிட்ட இடைவெளியில் ஓர் ஒத்திசைவுப் பொட்டலம் போடுவார்கள். அதோடு முழு டைம்ஸ்டாம்ப் வரும். அந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து அடுத்தடுத்த பிட்டுகளை நிரலோடு ஒப்பிட்டுக்கொண்டே நடக்க வேண்டும்.

பாண்டியர் வரலாற்றில் அந்தப் பொட்டலம் பழனிக்குப் பக்கத்தில் ஐவர்மலையில் கிடைத்தது. சமணத் திருமேனிகளைப் புதுக்கி அறம் வைத்த ஒரு கல்வெட்டு. அதில் சகம் 792 என்றும், வரகுணனின் 8ஆம் ஆண்டு என்றும் சேர்ந்தே இருக்கிறது. சகத்தோடு 78 கூட்டினால் 870. அங்கிருந்து பின்னால் எண்ணினால் இரண்டாம் வரகுணன் ஆட்சிக்கு வந்தது 862 வாக்கில்.

இது ஒரு கடிகாரத்தோடு நிற்கவில்லை. வரகுணன் திருப்புறம்பியத்தில் தோற்றான். எதிரணியில் பல்லவன் அபராசிதன், கங்கன் பிருதிவீபதி. சோழன் முதலாம் ஆதித்தனும் பல்லவன் பக்கம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட முடிவு. பிருதிவீபதி அந்தக் களத்திலேயே இறந்தான். நான்கு அரசமரபு, நான்கு கடிகாரம், நான்கும் ஒரே நாளைப் பார்த்திருக்கின்றன. ஒன்றைப் பொருத்தினால் மற்ற மூன்றும் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடும். வரிசைப்படுத்துகிறவன் தேடுவது இந்த மாதிரி இடத்தைத்தான்: இரண்டு கடிகாரம் ஒரே நிகழ்வைப் பார்த்த இடம்.

கருவிக்குள்ளும் இப்படித்தான். பெர்ஃபின் நேரம் நானோ நொடியில் ஓடும். ட்ரேஸின் நேரம் டி.எஸ்.சி. எண்ணிக்கையில் ஓடும். ஒன்றை மற்றொன்றாக்க கெர்னல் மூன்று எண்களைக் கொடுக்கிறது: ஒரு பெருக்கல் எண், ஒரு நகர்த்தல் எண், ஒரு தொடக்கப் புள்ளி. சகத்தோடு 78 கூட்டுகிற அதே வேலை, கொஞ்சம் பெருக்கலோடு.

அரைகுறை நேரம்

முழு டைம்ஸ்டாம்ப் எழுதுவது செலவு. அதனால் ப்ராசஸர் ட்ரேஸில் நடுநடுவே ஒரு சின்னப் பொட்டலம் வரும். அதில் நேரத்துக்கு எட்டு பிட் மட்டும். 0இலிருந்து 255 வரை போய் மறுபடி 0. முந்தைய பொட்டலம் தெரிந்திருந்தால் இது போதும். நடுவில் சில பொட்டலங்கள் தொலைந்துபோனால் எத்தனை சுற்று போனது என்று தெரியாமல் முழிக்க வேண்டியதுதான்.

பிரபவ, விபவ என்று தொடங்கும் நம்முடைய அறுபது ஆண்டுச் சுற்றும் இதேதான். வீட்டுப் பத்திரத்தில் 'விரோதிகிருது வருஷம்' என்று மட்டும் இருந்தால் 1911ஆ 1971ஆ என்பதைப் பத்திரத்தின் தாள்தான் சொல்ல வேண்டும்.

கிழமை, திதி, நட்சத்திரம் மூன்றும் சேர்ந்தால்? இங்கேதான் ஜெர்மனியில் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்திலிருந்த சமஸ்கிருதப் பேராசிரியர் கீல்ஹார்ன் வருகிறார். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் இருந்த இந்த அரைகுறைக் குறிப்புகளை 'எபிகிராபியா இண்டிகா' இதழில் ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டு வெளியிட்டார். அவருக்குப் பின் நம் ஊர்க்காரர் எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை, கி.பி. 700 முதல் 1799 வரை ஒவ்வொரு நாளுக்கும் பஞ்சாங்க விவரம் தரும் 'இந்தியன் எபிமெரிஸ்' தொகுதிகளை 1922இல் கொண்டுவந்தார். கணினி இல்லை. இன்றும் கல்வெட்டுக்காரர்கள் அதைப் புரட்டுகிறார்கள்.

முறை எளிது. மாதமும் திதியும் தெரிந்தால் ஓர் ஆண்டில் பொருந்துவது அநேகமாக ஒரே நாள். அந்த நாள் கல்லில் சொன்ன கிழமையில் விழுவது ஏழில் ஒரு வாய்ப்பு. ஆக, முப்பது ஆண்டு ஐயம் இருந்தால் நான்கைந்து ஆண்டாகச் சுருங்கிவிடும். நட்சத்திரம் பெரிதாகச் சுருக்காது, ஏன்னா மாதமும் திதியும் தெரிந்தாலே நட்சத்திரம் ஏறக்குறைய தீர்மானமாகிவிடும். ஆனால் அது சரிபார்ப்பு எண் மாதிரி. பொருந்தாவிட்டால் எங்கேயோ பிழை இருக்கிறது என்று கத்தும்.

மீதி ஐயத்தை மற்றக் கல்வெட்டுகள் தீர்க்கும். ஒவ்வொரு தேதியும் அரசன் பட்டத்துக்கு வந்த நாளுக்கு ஓர் ஆண்டு அகல ஜன்னலைத் தரும். பத்துக் கல்வெட்டின் ஜன்னல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் எல்லாவற்றுக்கும் பொதுவான இடம் குறுகிக்கொண்டே போகும். முதலில் சொன்னேனே, இராசராசன் 985 ஜூன் 25க்கும் ஜூலை 25க்கும் இடையில் என்று? அந்த முப்பது நாள் எங்கும் எழுதியிருக்கவில்லை. ஜன்னல்களின் குறுக்கு வெட்டில் கிடைத்தது.

திருவரங்கத்தில் ஒரு தேதி இன்னும் வேடிக்கையானது. 14ஆம் நூற்றாண்டுப் படையெடுப்பில் ஊரைவிட்டுப் போன அரங்கநாதர் திருமேனியை, விசயநகர இளவரசன் கம்பணனின் அதிகாரி கோபணாரியன் செஞ்சி வழியாகக் கொண்டுவந்து மறுபடி எழுந்தருளச் செய்தான். அதைச் சொல்லும் சமஸ்கிருதக் கல்வெட்டில் ஆண்டு எண்ணாக இல்லை, 'பந்துப்ரியே' என்ற சொல்லாக இருக்கிறது. கடபயாதி முறைப்படி ப என்பதற்கு 3, த என்பதற்கு 9, ர என்பதற்கு 2, ய என்பதற்கு 1. (தமிழ் எழுத்தில் ப, த என்று எழுதினாலும் வடமொழியில் அவை வேறு வல்லெழுத்துகள், மதிப்பு அவற்றுக்கு உரியது.) 3, 9, 2, 1. ஒன்றாம் இடம் முதலில் வரும் முறை என்பதால் திருப்பிப் படிக்க வேண்டும்: சகம் 1293. 78 கூட்டினால் 1371. எங்கள் ஆட்கள் இதை 'லிட்டில் எண்டியன்' என்பார்கள். நம் கணினிகள் பெரும்பாலும் எண்ணை நினைவகத்தில் இப்படித்தான் வைக்கின்றன. எந்தப் பக்கமிருந்து படிப்பது என்று தெரியாதவருக்கு இது 3921.

எப்போது முடிவு சொல்லலாம்

கோக்கும்போது இன்னொரு சிக்கல். எட்டு ஏடுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கிறோம். முதல் ஏட்டில் இருந்ததை வரிசையில் வைத்து அச்சடித்துவிட்டால், எட்டாவது ஏட்டிலிருந்து அதைவிடப் பழைய வரி வந்து நிற்கலாம். எல்லாம் வரட்டும் என்று கடைசிவரை காத்திருந்தால் நினைவகம் தாங்காது.

பெர்ஃப் இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது. எல்லா ஏடுகளையும் ஒரு முறை சுற்றி முடித்ததும் 'சுற்று முடிந்தது' என்று ஒரு வரி எழுதிவிடும். முதல் சுற்றில் கண்ட மிகப் பெரிய நேரத்தைக் குறித்துக்கொள்ளும். அதற்கு முந்தைய வரி ஏதாவது ஒரு ஏட்டில் மிச்சம் இருந்தால் அது இரண்டாம் சுற்றில் கட்டாயம் வந்துவிடும். ஆகவே மூன்றாம் சுற்று தொடங்கும்போது, குறித்துவைத்த நேரத்துக்கு முந்தையவற்றைத் தைரியமாக வெளியே விடலாம். அதையும் மீறிப் பழைய வரி ஒன்று வந்துவிட்டால் கருவி மறைக்காது. இத்தனை நிகழ்வுகள் வரிசை தப்பி வந்தன என்று எச்சரிக்கை போடும்.

ட்ரேஸுக்கு வழி வேறு. ஒவ்வொரு கோரின் ட்ரேஸையும் அதன் அடுத்த நேரத்தோடு ஒரு ஹீப்பில் நிறுத்திவைப்பார்கள். யாருடைய நேரம் மிகக் குறைவோ அவரை எடுத்து, அவர் நேரம் அடுத்த ஆளின் நேரத்தைத் தாண்டும்வரை படித்து, மறுபடி வரிசையில் விடுவார்கள்.

வரலாற்றில் 'சுற்று முடிந்தது' என்று யாரும் எழுதித் தருவதில்லை. சென்னை மாகாணத்தில் கல்வெட்டு ஆண்டறிக்கைகள் 1887இல் தொடங்கின; இன்னும் புதுக் கல்வெட்டு வந்துகொண்டுதான் இருக்கிறது. அதனால் நல்ல ஆய்வாளர்கள் நாளைச் சொல்லாமல் ஜன்னலைச் சொல்கிறார்கள். 'ஜூன் 25க்கும் ஜூலை 25க்கும் இடையில்' என்பது தயக்கமில்லை. எந்த அளவுக்கு முடிவு சொல்லலாமோ அந்த அளவுக்கு மட்டும் சொல்வது.

எழுதிய நேரமும் நடந்த நேரமும்

மூன்றாவது கேள்விதான் ஆளைக் கவிழ்ப்பது. கொள்ளிடக் கரையில் திருமழபாடி. இராசராசன் தன் 28ஆம் ஆண்டில் அந்தக் கோயிலின் ஸ்ரீவிமானத்தைப் பிரித்துக் கட்டச் சொன்னான். பிரிப்பதற்கு முன் சுவரிலிருந்த கல்வெட்டுகளை ஏட்டில் படியெடுத்தார்கள். இராசேந்திரனின் 14ஆம் ஆண்டில் அவற்றைப் புதுச் சுவரில் மறுபடி வெட்டினார்கள். எழுத்தமைதி இராசேந்திரன் காலம். உள்ளே இருக்கும் ஆண்டு அதற்கு முந்தியது. நல்ல வேளையாக, மறுபடி வெட்டிய செய்தியையும் எழுதிவைத்தார்கள். பஃபரைக் கோப்பில் இறக்கி, பிறகு வேறு இடத்தில் ஏற்றியதற்குக் குறிப்பும் எழுதியிருக்கிறார்கள்.

கடிகாரமே இல்லாமல் வரிசை கிடைக்கிற இடமும் உண்டு. மெய்க்கீர்த்தியைப் பாருங்கள். அரசன் ஒரு நாட்டை வென்றால் பட்டியலில் அது சேரும், பிறகு நீங்காது. இராசேந்திரனின் கடார வெற்றி அவனுடைய 14ஆம் ஆண்டிலிருந்து வருவதால்தான் அந்தக் கடற்படையெடுப்பை 1025 என்கிறோம். ஆண்டு சிதைந்த ஒரு கல்வெட்டில் கடாரம் இருந்தால் அது பிந்தியது, அவ்வளவுதான். 1978இல் லெஸ்லி லாம்போர்ட் எழுதிய புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை சொல்வதும் இதுதான்: வெவ்வேறு இயந்திரங்களின் கடிகாரங்களை நம்ப முடியாவிட்டாலும், ஒன்றின் செய்தி மற்றொன்றில் காணப்பட்டால் அது முந்தி, இது பிந்தி.

இப்போது பழி விழும் இடத்துக்கு வரலாம். காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு. 'பொன்னியின் செல்வன்' படித்த எல்லோருக்கும் இது தெரியும். ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று ரவிதாசன் முதலிய சகோதரர்களின் பெயர் சொல்லி, அவர்களுடைய, உறவினருடைய நிலம், உடைமை பற்றி அரசன் சபைக்கு அனுப்பிய திருமுகம் அதில் இருக்கிறது. காலக் குறிப்பு: இராசகேசரி, ஆண்டு 2.

நான்கு இராசகேசரிகளில் எவன்? முதலாம் ஆதித்தனும் கண்டராதித்தனும் கொலைக்கு முந்தியவர்கள். சுந்தர சோழனின் 2ஆம் ஆண்டில் ஆதித்த கரிகாலன் உயிரோடு இருந்தான். மிச்சம் இராசராசன். ஆகவே 986 நடுவிலிருந்து 987 நடுவுக்குள். இதுவரை கணக்கு சுத்தம்.

கொலை நடந்தது 970ஐ ஒட்டி. நடுவில் பதினாறு வருஷம். அந்தப் பதினாறு வருஷத்தில் பெரும்பகுதி அரியணையில் இருந்தவன் உத்தம சோழன். அவன் ஏன் தண்டிக்கவில்லை? அவனுக்கே இதில் பங்கு இருக்குமோ? நீலகண்ட சாஸ்திரியார் இந்த ஐயத்தை எழுப்பினார். சதாசிவப் பண்டாரத்தார் ஏற்கவில்லை. கல்கிக்குப் பின் ஊர் முழுக்க இதே பேச்சு.

ட்ரேஸ் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த வாதத்தில் இரண்டு ஓட்டை தெரிகிறது. ஒன்று, 987 என்பது இந்தக் கல்லில் உள்ள ஆவணத்தின் நேரம். கல்வெட்டு காட்டுவது நிலம் கைமாறி அறத்துக்குப் போன கடைசிக் கட்டத்தை. தண்டனையின் முதல் படி எப்போது நடந்தது என்ற டைம்ஸ்டாம்ப் இதில் இல்லை. இரண்டு, பதினாறு வருஷ இடைவெளியில் பதிவு இல்லை என்பதை, ஒன்றும் நடக்கவில்லை என்று படிக்கிறோம். பெர்ஃபில் பஃபர் நிரம்பி வரிகள் தொலைந்தால், 'இத்தனை தொலைந்தன' என்றே ஒரு வரி எழுதப்படும். ப்ராசஸர் ட்ரேஸிலும் நிரம்பி வழிந்ததற்குத் தனிப் பொட்டலம் உண்டு. கோயில் சுவரில் அப்படி ஒரு வரி கிடையாது. திருமழபாடியில் படியெடுத்து வைத்தார்கள். எல்லாக் கோயிலிலும் படியெடுத்தார்களா? பிரித்த கல் எந்தப் படித்துறையில் கிடக்கிறதோ.

உத்தம சோழன் குற்றமற்றவன் என்று நான் சொல்ல வரவில்லை. உடையார்குடிக் கல்லின் தேதியை மட்டும் வைத்து அவனைக் கூண்டில் ஏற்ற முடியாது என்கிறேன். கொலை முந்தி, ஆவணம் பிந்தி: இந்த வரிசை உறுதி. நடுவில் நின்றவன்தான் காரணம் என்பதை அந்த வரிசை சொல்லாது.

ப்ரொஃபைலர் திரையில் இது தினமும் நடக்கிறது. ஒரு கோரில் நீண்ட மௌனம், அந்த நேரத்தில் இன்னொரு கோரில் ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது. உடனே விரல் அந்த நிரலை நோக்கி நீளும். நிறுத்திக் கேட்க வேண்டியது அந்த மூன்று கேள்விகளை: யாருடைய கடிகாரம், எங்கே பொருத்தினாய், இது எழுதிய நேரமா நடந்த நேரமா? மூன்றுக்கும் பதில் இருந்தால் வரிசை நிற்கும். அதற்கு மேல் நான்காவதாக, அந்த மௌனத்தில் பதிவு தொலைந்ததா, ஒன்றும் நடக்கவில்லையா என்று கேட்க வேண்டும். அதற்குப் பதில் கிடைக்காத இடத்தில் உத்தம சோழன் ஆயிரம் வருஷமாக நின்றுகொண்டிருக்கிறான். இன்னொரு கல் கிடைக்கும்வரை அவனை அங்கேயே விட்டுவைப்பதுதான் நியாயம்.